கோழிக்கும் உண்டு ஆயுத பூஜை!

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பாடியில் மூன்று சமாசாரங்கள் நிற்கும். கரண்ட் நிற்கும். தெருவில் தண்ணீர் நிற்கும். எங்கள் வீட்டுக் கோழிகள் முட்டையிடுவது நிற்கும். முதல் இரண்டுக்கும் புகார் கொடுக்க ஆபீஸ் இருக்கிறது. (கொடுத்தால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.) மூன்றாவதற்கு யாரிடம் போய் மனு கொடுப்பது?

'பாடியில் கோழியா?' என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். பாடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது 2008-ல் திறந்த மேம்பாலம். அதில் ஏறினால் அண்ணாநகரில் இறங்குவோமா, அம்பத்தூரில் இறங்குவோமா என்பது முருகனுக்கே வெளிச்சம். அடுத்து ஞாபகம் வருவது கம்பெனிகள். 'லூகாஸ்' என்று கம்பெனி பெயரையே பஸ் ஸ்டாப்புக்கு வைத்துக்கொண்ட ஊர் இது. ஷிப்ட் பஸ்ஸும் டிபன் கேரியருமாக வளர்ந்த பேட்டை. 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டோம். ஆனாலும் உள் தெருக்களில் நுழைந்தால் இன்னும் பத்து வீட்டுக்கு ஒரு முருங்கை மரமும், இருபது வீட்டுக்கு ஒரு கொக்கரக்கோவும் மிச்சம் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்குள் இருக்கும் சிவன் கோயிலுக்குத் திருவலிதாயம் என்று பெயர். சம்பந்தர் பாடிய தலம். பரத்வாஜ முனிவர் ஒரு சாபத்தால் வலியன் என்கிற கரிக்குருவியாகப் பிறந்து, இங்கே வந்து சிவனைப் பூஜை பண்ணி சாபம் நீங்கினாராம். வலியன் பூஜித்ததால் வலிதாயம். ஆக, இந்த ஊரின் முதல் வி.ஐ.பி.யே ஒரு பறவைதான். நாங்கள் கோழி வளர்ப்பதில் என்ன அதிசயம்?

*

எங்கள் வீடு முக்கால் கிரவுண்டு. என் மாமனார் ஒரு தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் ஷிப்ட் பார்த்து, பி.எஃப். லோன் போட்டுக் கட்டிய வீடு. வீடு போக, பின்னால் ஒரு தோட்டம். 'தோட்டம்' என்றதும் ஊட்டியைக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை, ஒரு பவழமல்லி, அவரைப் பந்தல், துணி துவைக்கிற கல், அவ்வளவுதான். அங்கே பழைய தகரமும் கம்பி வலையும் வைத்து மாமா கட்டிய கூண்டில் நாலு பெட்டை, ஒரு சேவல்.

பெட்டைகளின் பெயர் கருப்பி, செவலை, புள்ளி, வெள்ளச்சி. சேவலுக்கு மாமா வைத்த பெயர் 'ஜி.எம்.' உற்பத்தியில் நேரடிப் பங்கு கிடையாது. ஆனால் நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரவுண்ட்ஸ் வருவார். யாராவது புழுவைக் கண்டுபிடித்தால் தானே கண்டுபிடித்ததுபோல் சத்தம் போடுவார். பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

கோழிகளிடம் சீனியாரிட்டி ரொம்ப முக்கியம். யார் யாரைக் கொத்தலாம், யார் யாரிடம் கொத்து வாங்கிக்கொண்டு பேசாமல் போக வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. இதை 1920-களில் ஆராய்ச்சி செய்து எழுதியவர் நார்வேக்காரரான ஷெல்டரூப்-எப்பே. சின்ன வயசிலேயே கோழிகளை வேடிக்கை பார்த்து நோட்டுப் போட்டவராம். எங்கள் மாமா இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கு நார்வே வரைக்கும் போகணுமா? எங்க கேண்டீன் க்யூவுல வந்து நின்னிருந்தா அரை மணியில எழுதியிருக்கலாம்" என்றார்.

சேவல் கூவுவதும் அப்படித்தான். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை விடியலே தெரியாத மங்கல் வெளிச்சத்தில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை ஏறக்குறைய தினமும் அதே நேரத்துக்குக் கூவின. சூரியனைப் பார்த்துக் கூவவில்லை. உடம்புக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது என்று 2013-ல் எழுதினார்கள். 2015-ல் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். கூட்டத்தில் பெரியவர் முதலில் கூவிய பிறகுதான் மற்றவர்கள் வரிசைப்படி கூவுவார்களாம். எங்கள் ஜி.எம். ஒரே சேவல் என்பதால் அவருக்குப் போட்டி கிடையாது. விடிகாலை நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுவார். எதிர் ஃபிளாட் மாடிக்காரர் மட்டும் எங்களைப் பார்த்தால் பேசமாட்டார், கொட்டாவி விடுவார்.

*

நான் பி.காம். கையில் நோட்டும் பேனாவும் இருந்தால் கோழிக்குக்கூட லெட்ஜர் போடுகிற ஜாதி. கம்பு, குருணை, தவிடு எல்லாமாக மாதத்துக்கு 480 ரூபாய். 2023 புரட்டாசியில் நாலு பெட்டையும் சேர்ந்து கொடுத்த முட்டை 32. ஒரு முட்டையின் அடக்க விலை 15 ரூபாய். நாட்டு முட்டைக்கு இது நியாயம்தான். ஐப்பசிக்கு வந்தால் செலவு அதே 480. முட்டை மொத்தம் மூன்று. ஒரு முட்டை 160 ரூபாய்!

கணக்கை வாசித்ததும் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆம்லெட்டை மரியாதையோடு பார்த்தார். "முந்நூத்து இருபது ரூபாயா இது? சொல்லியிருந்தா மெதுவா மென்னிருப்பேனே!"

மூன்று முட்டையும் செவலை போட்டது. கருப்பியின் கணக்கில் சைபர். போதாக்குறைக்குக் கருப்பியின் தோற்றமும் கவலைக்கிடம். முதலில் கழுத்து மொட்டை. பிறகு வால். பத்து நாளில் பாதி உரித்த பனங்காய் மாதிரி ஆகிவிட்டாள். சிவந்து கிடந்த கொண்டை சுருங்கி வெளுத்தது. காலையில் கூண்டைத் திறந்தால் யாரோ தலையணையைக் கிழித்துப்போட்ட மாதிரி தரையெல்லாம் இறகு.

சீக்கு என்றுதான் தெருவில் பலரும் தீர்ப்புச் சொன்னார்கள். கால்நடை டாக்டர் தூக்கிப் பார்த்தார். கண் தெளிவாக இருக்கிறது, எச்சம் சரியாக இருக்கிறது, தீனி எடுக்கிறது. "ஒண்ணுமில்லம்மா. இறகு மாத்துது. வருஷா வருஷம் நடக்கிறதுதான். தொந்தரவு பண்ணாதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

விஷயம் இதுதான். கோழி முட்டையிடுவது தீனியால் மட்டும் இல்லை, வெளிச்சத்தால். சென்னையில் ஜூன் மாதக் கடைசியில் பகல் பொழுது பன்னிரண்டே முக்கால் மணிக்கும் கொஞ்சம் மேலே. டிசம்பர் கடைசியில் அது பதினொண்ணேகால் மணிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் குறைவு. நமக்கு அது தெரியாது. லைட்டைப் போட்டுவிட்டு சீரியல் பார்ப்போம். கோழிக்குத் தெரியும். அதுவும் எப்படி? கண்ணால் மட்டும் இல்லை. வெளிச்சம் மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள்ளேயே போய்ச் சேருகிறது. அங்கே வெளிச்சத்தை உணர்கிற செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. 1930-களில் ழாக் பெனுவா என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி வாத்துகளை வைத்து இதைக் காட்டினார். 'மண்டையில் வெளிச்சம் ஏறணும்' என்று பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நம்மைத் திட்டுவார்களே, கோழிக்கு அது அப்படியே உண்மை!

பகல் குறைகிறது, மேலே மேகம் வேறு மூடிக்கொள்கிறது என்றதும் உள்ளேயிருந்து உத்தரவு வரும். 'முட்டை நிறுத்து. பழைய இறகைக் கழற்று. புதுசு போடு.' இறகு என்பது பெரும்பாலும் புரோட்டீன். முட்டைக்கும் அதே சரக்குதான் வேண்டும். ஒரே பட்ஜெட்டில் இரண்டு செலவு முடியாது. அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு முட்டை டிபார்ட்மெண்ட் மூடல். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்கும் கொஞ்சம் கூட ஆகிறது. அதில் இருபது மணி நேரம் ஓட்டுக்கு மட்டும். அத்தனை சுண்ணாம்புச் சத்தும் கோழியின் உடம்பிலிருந்து போக வேண்டும். கொஞ்சம் ஓய்வு கேட்டால் தப்பா?

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒரே வரியில் முடித்தார். "ஷட்-டவுன் மெயின்டனன்ஸ்!"

கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்துவார்களாம். பிரித்துப் போட்டு, தேய்ந்த பேரிங்கை மாற்றி, கிரீஸ் வைத்து, பெயிண்ட் அடித்து, மறுபடி ஓட்டுவார்களாம். "அந்த நேரத்துல புதுசா வந்த ஆபீசர் யாராவது, 'ஏன் புரொடக்‌ஷன் வரலை'ன்னு கேட்டா நாங்கெல்லாம் சிரிப்போம். மெஷினுக்கே ஆயுத பூஜைக்கு லீவு உண்டும்மா. உசுரோட இருக்கிறதுக்குக் கிடையாதா?"

*

பெரிய முட்டைப் பண்ணைகளில் இந்த லீவு சமாசாரம் நடக்காது. நாமக்கல் பக்கம் தினமும் கோடிக்கணக்கில் முட்டை வருகிறதே, அந்தப் பண்ணைகளில் சாயங்காலமும் விடிகாலையும் பல்பு எரியும். இயற்கை வெளிச்சமும் பல்பும் சேர்த்து நாளுக்குப் பதினாறு மணி நேரம். கோழியின் மண்டைக்குள் எப்போதும் சித்திரை வெயில்தான். வருஷத்துக்கு முந்நூறு முட்டைக்கு மேல் கொடுக்கும். எங்கள் கருப்பி மாதிரி நாட்டுக்கோழி அறுபது, எண்பது முட்டையோடு சரி. நடுவில் அடைக்கு உட்கார்ந்துவிடும். இருபத்தொரு நாள் தவம். அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஊர்சுற்றல்.

பண்ணைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ஏழு எட்டு ரூபாய்க்கு முட்டை கிடைத்தால்தான் ஊரில் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் முட்டை. ஆனால் மாமா அந்தப் பல்பு விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நைட் ஷிப்ட்" என்றார். "ட்யூப்லைட் வெளிச்சத்துல ராத்திரியா பகலான்னு தெரியாது. விடிஞ்சு கேட்டுக்கு வெளியே வந்தா வெயில் கண்ணைக் குத்தும். ஓ.டி. பணம் நல்லாத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிருக்கும்" என்றார். அப்புறம் எழுந்துபோய்க் கூண்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

முட்டைப் பண்ணைக் கோழிக்கு ஏறக்குறைய ஒன்றரை வயதில், இப்போதெல்லாம் இன்னும் சில மாதம் தள்ளி, ரிடையர்மெண்ட். பென்ஷன் கிடையாது. நேராகக் கறிக்கடை.

எங்கள் அத்தையின் திட்டமும் அதேதான்.

*

அத்தை கெட்டவர் இல்லை. கணக்கானவர். முப்பத்துநாலு வருஷம் ஒரு சம்பளக் கவரை வைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்துக் குடும்பம் நடத்தியவர். தின்றுவிட்டுச் சும்மா இருக்கிற எதையும் அவருக்குப் பிடிக்காது. நான் லெட்ஜரை வாசித்த அன்றே முடிவு பண்ணிவிட்டார். "தீபாவளிக்குக் கருப்பியைப் போட்டுடலாம்."

இங்கே நம்ம ஊர் காலண்டரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கப் பெருமாளுக்காக அசைவம் கிடையாது. தீபாவளி முடிந்த மறுநாள் நோன்பு. அன்றே கந்த சஷ்டி விரதம் ஆரம்பம். அத்தை ஆறு நாளும் விரதம். அது முடிவதற்குள் கார்த்திகை பிறந்துவிடும். என் கணவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார். ஒரு மண்டலம் வீட்டில் வெங்காயத்துக்குக்கூடக் கெடுபிடி. அப்புறம் மார்கழி, கோலம், பஜனை, பொங்கல். ஆக, கருப்பிக்குக் கண்டம் என்பது 2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒரே நாள்தான். அதைத் தாண்டிவிட்டால் தை வரைக்கும் ஆயுள் கெட்டி. ஜோசியர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம். வெளியே தூறல். அத்தை அம்மியை அலம்பி வைத்துவிட்டு, "ஏங்க, கறிக்கடைப் பையனை வரச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

மாமா பேப்பரை மடித்தார்.

"ஊர்ல கோயிலே குருவி பேருல இருக்கு. நீ வியாழக்கிழமை தவறாம அங்க போய் குரு பகவானுக்கு விளக்குப் போடறே..."

"அது வலியன் குருவி. இது கோழி."

"ரெண்டும் இறக்கை வச்சதுதானே?"

"இதுக்கு எங்கேங்க இறக்கை இருக்கு? அதான் கொட்டிப்போச்சே!"

பாயிண்ட் அத்தை பக்கம். நான் வாயை மூடிக்கொண்டு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். மாமா எழுந்து பின்கட்டுக் கதவுவரை போனார். அங்கிருந்தே திரும்பாமல் சொன்னார்.

"முட்டை போடாதவங்களை எல்லாம் இந்த வீட்டுல வச்சுக்கக் கூடாதுன்னா, முதல்ல நான்தான் கிளம்பணும். நான் போடறதை நிறுத்திப் பத்து வருஷம் ஆச்சு."

ஹாலில் டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது. முறுக்கு அச்சு என் கையிலேயே நின்றது. சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தால், அவர் கதவைத் திறந்துகொண்டு மழையில் போய்விட்டார்.

அத்தை அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கணவரைக் கூப்பிட்டு, "டேய், காலையில மட்டன் ஒரு கிலோவா வாங்கிட்டு வந்துடு. நெஞ்செலும்பா பார்த்து வாங்கு. அப்பாவுக்குப் பிடிக்கும்" என்றார். அவ்வளவுதான். கருப்பி வழக்கு தள்ளுபடி. மறுநாள் இட்லிக்கு மட்டன் குழம்பு.

*

கூதிர்காலம் என்று பழைய தமிழில் ஐப்பசி, கார்த்திகைக்குப் பெயர். குளிர்ந்த மழையும் வாடையும் பிடிக்கிற மாதங்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி இலை சிவந்து உதிராது. இங்கே உதிர்வது பவழமல்லியும் கோழி இறகும்தான். காலையில் கதவைத் திறந்தால் ஈரத் தரையில் ஆரஞ்சுக் காம்பும் வெள்ளை இதழுமாகப் பூ. பக்கத்திலேயே கருப்பியின் கறுப்பு இறகு. அத்தை பூவைப் பொறுக்கிச் சாமிக்கு வைப்பார். நான் இறகைக் கூட்டி வாழைக்கு அடியில் புதைப்பேன். மெதுவாக மக்கும், நல்ல உரம்.

மழை விட்ட சாயங்காலம் லைட் போட்டால் ஈசல் வரும். வீட்டில் எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள். நாங்கள் மட்டும் பின்கட்டு லைட்டைப் போட்டு, கூண்டுக் கதவையும் திறந்துவிடுவோம். கோழிகளுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு. ஜி.எம். கூட கௌரவத்தை விட்டுவிட்டுக் குதித்துக் குதித்துப் பிடிப்பார். இறகு முளைக்கிற சமயத்தில் புரோட்டீன் வேண்டும் என்றேனே, இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்? ஈசல் வராத நாளுக்கு மாமாவின் கைவசம் கிராமத்து டெக்னிக் இருக்கிறது. ஒரு பழைய மண்பானை. அதில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, காய்ந்த ஓலை. லேசாகத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற ஓரமாகத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான். லெட்ஜரில் செலவுப் பக்கம் பூஜ்யம்!

மழைக் காலத்தில் கோழிக்கு எதிரி குளிர்கூட இல்லை, ஈரம். தரையில் உமியோ மரத்தூளோ கெட்டியாகப் போட்டு, தினமும் கிளறிவிட வேண்டும். நனைந்து கட்டிப்போனால் அள்ளிக் கொட்டிவிட வேண்டும். விட்டால் ரத்தக்கழிச்சல் வரும். வெள்ளைக்கழிச்சல் இன்னும் மோசம். ஒரு கூண்டு முழுக்கக் காலியாகும். ராணிகேத் நோய் என்று அதற்கு இன்னொரு பெயர். 1920-களின் கடைசியில் இமயமலை ஓரத்து ராணிகேத் ஊரில் இந்தியாவில் முதலில் அடையாளம் கண்டதால் அந்தப் பெயர். வந்தபின் மருந்து இல்லை. வருமுன் தடுப்பு மருந்துதான். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எப்போது போடலாம் என்று சொல்வார்கள். நாலு கோழிதானே என்று கூச்சப்பட வேண்டாம். டாக்டர்கள் சிரிக்க மாட்டார்கள்.

*

டிசம்பர் 3 ராத்திரி மிக்ஜாம் புயல் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் முழுக்கவும் விடவில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். தோட்டத்தில் துணி துவைக்கிற கல் மட்டும் தீவு மாதிரி தெரிந்தது. கரண்ட் போய்விட்டது. மாமா முண்டாசு கட்டிக்கொண்டு இறங்கி, கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கூடத்தில் விட்டார்.

புள்ளியும் வெள்ளச்சியும் சோபாவுக்கு அடியில். செவலை தையல் மெஷின் மேல். ஜி.எம். பீரோ உச்சியில் ஏறி நின்று, வீடே தன் கண்ட்ரோலில் இருப்பதாக அறிவித்தார். கருப்பிக்குத்தான் கஷ்டம். புது இறகு அப்போதுதான் முள் முள்ளாக முளைத்திருந்தது. அந்தச் சமயத்தில் தொட்டாலே வலிக்கும். முளைக்கிற முள்ளுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். நனைந்து வெடவெடவென்று நடுங்கினாள்.

நான் பழைய துணி தேடி உள்ளே போய்த் திரும்புவதற்குள், அத்தை சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டார். கீழே சாக்கு, மேலே தன்னுடைய பழைய நூல் புடவை. கருப்பியை உள்ளே விட்டு, வெந்நீரில் தவிட்டைப் பிசைந்து, மிளகும் மஞ்சளும் துளி போட்டு உருட்டி வைத்தார்.

"என்ன அத்தை, ஸ்பெஷல் வார்டா?" என்றேன்.

"ஆமாம். நீ உன் நோட்டுல எழுதிக்கோ. நூத்தறுபது ரூபாய்க் கோழியாச்சே, சும்மாவா?" என்றார்.

இரண்டு ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாங்கள் ஐந்து பேர், அவர்கள் ஐந்து பேர். டி.வி. இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மாமா பழைய கம்பெனிக் கதைகளை எடுத்துவிட்டார். எந்த வருஷம் எந்த மெஷின் நின்றது, யார் ஓட்டினார், நைட் ஷிப்ட்டில் கேண்டீன் டீ எப்படி இருக்கும் எல்லாம் வந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் கேட்காத கதைகள். என் பெண் புள்ளியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். தரையெல்லாம் எச்சம்தான், நடுநடுவே நியூஸ் பேப்பர் மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் எழுந்துபோக யாருக்கும் மனசு வரவில்லை.

*

தண்ணீர் வடிந்தது. கார்த்திகை போய் மார்கழி வந்தது. கருப்பிக்குப் புது இறகு. வெயிலில் நின்றால் கறுப்புக்குள் பச்சையும் ஊதாவும் மின்னும், பட்டுப்புடவைப் பார்டர் மாதிரி. ஜி.எம். இரண்டு தடவை ரவுண்ட்ஸை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டிசம்பர் கடைசியில் பகல் பொழுது திரும்பி நீள ஆரம்பித்தது. நமக்கு இரண்டு நிமிஷம் மூன்று நிமிஷம் தெரியாது. மண்டைக்குள் வெளிச்சம் போகிறவர்களுக்குத் தெரியும். கொண்டை மெல்லச் சிவந்தது.

காணும் பொங்கலன்று காலையில் கருப்பி ஊரைக் கூட்டிக் கொக்கரித்தாள். கூடையில் வெதுவெதுப்பாக ஒரு முட்டை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் முட்டை பிறந்தது. அத்தைதான் முதலில் பார்த்து எடுத்துவந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவின் முன்னால் வைத்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மாமாவுக்கு மட்டும் அன்று இரண்டு தரம் காபி கிடைத்தது.

லெட்ஜரில் நான் இப்போது ஐப்பசி முதல் மார்கழி வரை முட்டைக்கு அடக்க விலை போடுவதில்லை. அந்த மூன்று மாதத் தீனிச் செலவை 'பராமரிப்பு' என்று தனித் தலைப்பில் எழுதிவிடுகிறேன். மெஷினை வைத்திருக்கிற எந்தக் கம்பெனியும் அப்படித்தான் எழுதும். ஆடிட்டர் வந்து கேட்டால் மாமா பதில் சொல்லிக்கொள்வார்.

இந்த வருஷமும் ஐப்பசி வந்துவிட்டது. இப்போது புள்ளியின் முறை, கழுத்து மொட்டை. நேற்று மத்தியானம் கூடை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அத்தை கூடத்துக்கு வந்தார். மாமா ஈஸிசேரில் நல்ல தூக்கத்தில் இருந்தார்.

"ஏங்க! எழுந்து கடைக்குப் போய் ஆறு முட்டை வாங்கிட்டு வாங்க. கோழிங்களுக்குத்தான் லீவு. உங்களுக்கு இல்லை!"